உங்கள் வயலுக்கு மேலே என்ன நிறம்?

உழவர் பயிற்சி முகாம்களில் ட்ரோன் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி மானியத்தைப் பற்றி வரும். இரண்டாவது கேள்வி, "சார், பறக்கவிட யாருகிட்ட பர்மிஷன் வாங்கணும்?" என்பதாக இருக்கும். நான் வாய் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்தே மூன்று நான்கு பதில்கள் வந்துவிடும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பார் ஒருவர். கலெக்டர் ஆபீஸ் என்பார் இன்னொருவர். பக்கத்து வயல்காரர் தலையசைத்தால் போதும் என்பார் மூன்றாமவர். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "கல்யாண வீட்டுல ஹெலிகேம் விடறாங்களே, அவங்க யாரைக் கேட்டாங்க?" என்று முடித்துவைக்கும்.

சட்டம் சொல்வது இவை எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான விளைநிலங்களுக்கு மேலே சிறிய கேமரா ட்ரோனைப் பறக்கவிட யாரிடமும் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. சில இடங்களிலோ, உங்கள் சொந்த நிலமாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் ஓர் அடி உயரம்கூட எழுப்பக் கூடாது. நீங்கள் இதில் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது மத்திய அரசு வெளியிட்டிருக்கும் வான்வெளி வரைபடம். பட்டா நிலத்துக்குத்தான், வானத்துக்கு இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் சுதந்திரத்தை நம் விவசாயிகளில் பெரும்பாலோர் பயத்தினால் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள். அதே சமயம், விமான நிலையங்களையும் படைத் தளங்களையும் சுற்றியுள்ள கிராமத்து விவசாயிகளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஒரு வழி இன்னும் திறக்கவில்லை. முதலாவது நம் கையில் இருக்கிறது. இரண்டாவதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ட்ரோன்களுக்கான முதல் விரிவான நடைமுறை 2018 டிசம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. பெரும்பாலான ட்ரோன்களுக்கு ஒவ்வொரு முறை பறப்பதற்கும் அனுமதி கேட்கச் சொன்ன நடைமுறை அது. 2021 மார்ச் 12-ல் வந்த விதிகள் இன்னும் கெடுபிடியானவை: 25 படிவங்கள், 72 வகைக் கட்டணங்கள். அவை ஐந்தே மாதங்களில் கைவிடப்பட்டு, 2021 ஆகஸ்ட் 25-ல் 'ட்ரோன் விதிகள் 2021' அறிவிக்கப்பட்டது. படிவங்கள் ஐந்தாகவும், கட்டண வகைகள் நான்காகவும் குறைந்தன. இன்று செல்லுபடியாவது இந்தக் கடைசி விதிகளும், பின்னர் அவற்றில் செய்யப்பட்ட திருத்தங்களும்தான். ஆனால் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற தகவல்களில் பாதி, செத்துப்போன பழைய விதிகளைச் சொல்பவை. "சின்ன ட்ரோன் 50 அடிக்கு மேல போகக் கூடாது" என்று யாராவது சொன்னால், அவர் பழைய விதியை மனப்பாடம் செய்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைய விதிப்படி, நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதைக் காட்டும் வரைபடம் 2021 செப்டம்பர் 24 முதல் 'டிஜிட்டல் ஸ்கை' என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் அந்தப் பகுதிக்குரிய வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால் ஒழியப் பறக்கவே கூடாது.

விமான நிலையத்தைச் சுற்றி இந்த நிறங்கள் வளையம் வளையமாக அமைகின்றன. நிலையத்தின் எல்லைச் சுவரிலிருந்து தூரத்தை அளக்க வேண்டும். முதல் 5 கி.மீ. சிவப்பு. 5 முதல் 8 கி.மீ. வரை தரைமட்டத்திலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கி.மீ. வரையிலான வளையத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அந்த வளையத்தில் 200 அடி, அதாவது 60 மீட்டர் வரை பச்சை. அதற்கு மேலேதான் மஞ்சள். 12 கி.மீ. தாண்டிவிட்டால், வேறு தடை இல்லாத வரை, முழு 400 அடியும் உங்களுக்கு.

200 அடி போதுமா என்று கேட்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரமே ஏறக்குறைய 216 அடிதான். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று உங்கள் வயலைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பயிரைப் பார்க்க அவ்வளவு உயரம்கூட வேண்டாம். சாதாரணச் சிறிய கேமரா ட்ரோன் 30 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஏறக்குறைய ஒரு செ.மீ. அளவுள்ள விவரம் வரை பிடிபடும். நெல், நிலக்கடலை, பருத்தி, மக்காச்சோளம் எதுவாக இருந்தாலும் 20 முதல் 40 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். வளர்ந்த தென்னைக்கும்கூட 40 மீட்டர் ஏறினால் கொண்டையை நன்றாகப் பார்க்கலாம். 120 மீட்டருக்கு ஏற்றி ஊரையே படமெடுப்பது கல்யாண வீடியோவுக்கு அழகு. பயிருக்கு அதனால் பயனில்லை. ஆகவே பயிர் பார்க்கும் விவசாயியைப் பொறுத்தவரை 8–12 கி.மீ. வளையமும் நடைமுறையில் பச்சைதான். "ஏர்போர்ட் பக்கத்துல இருக்கோம், நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்கியிருக்கும் எத்தனையோ கிராமங்கள் இந்த வளையத்துக்குள் வருகின்றன.

வளையங்கள் எதற்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தான் மதிக்கத் தோன்றும். பயணிகள் விமானம் பொதுவாக 3 டிகிரி சரிவில் இறங்குகிறது. கணக்குப் போட்டால், ஓடுபாதைக்கு ஒவ்வொரு கி.மீ. தூரத்துக்கும் ஏறக்குறைய 52 மீட்டர் உயரம். ஐந்து கி.மீ. தள்ளி அது 260 மீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டு கி.மீ. தூரத்தில் 105 மீட்டருக்கு வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு ட்ரோன் 120 மீட்டர் ஏறினால் விமானத்துக்கு மேலே நிற்கும்! கால் கிலோ எடையுள்ள பொருள் இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஹெலிகாப்டர்களும் பயிற்சி விமானங்களும் இதைவிடத் தாழ்வாக, எதிர்பாராத திசையிலிருந்து வரும். எனவே உள்வளையத்தில் "யாரு பாக்கப் போறாங்க" என்று ஏற்றுபவருக்காக நான் ஒரு வார்த்தையும் பரிந்து பேச மாட்டேன்.

நம் மாநிலத்தில் எந்தெந்த ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்? சென்னை, கோவை, திருச்சி, மதுரை விமான நிலையங்கள் எல்லாருக்கும் தெரியும். தூத்துக்குடிக்கு வாகைக்குளமும், சேலத்துக்கு ஓமலூர் பக்கம் காமலாபுரமும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. புதுச்சேரி விமான நிலையத்தின் வளையம் மாநில எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டக் கிராமங்களைத் தொடும். படைத் தளங்கள் தனி: சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் ஆகிய இடங்களில் விமானப்படை, அரக்கோணத்திலும் ராமநாதபுரம் உச்சிப்புளியிலும் கடற்படை. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் போன்றவற்றின் அருகில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இத்தகைய இடங்களைச் சுற்றிக் கி.மீ. கணக்குப் போட்டு நீங்களே ஊகிக்காதீர்கள். வரைபடத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் முடிவு. கோவையின் கிழக்கே இருப்பவர்கள் இன்னும் நெருக்கடியில் இருக்கிறார்கள்: பீளமேடு நிலையத்தின் வளையமும் சூலூர் தளத்தின் வளையமும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன.

வரைபடத்தைப் பார்ப்பது கடினமில்லை. பெயர் பதிவு, பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லாமல் யாரும் பார்க்கலாம். வயலில் நின்று செல்போனில் கூகுள் மேப்பைத் திறந்து நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அவற்றைக் குறித்துக்கொண்டு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதில் தேதியும் நேரமும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வந்து கேட்டால், வாக்குவாதம் செய்வதைவிட அந்தப் படத்தைக் காட்டுவது நல்லது.

தேதி எதற்கு? வரைபடம் மாறக்கூடியது. பறக்கவிடுவதற்கு முன் அன்றைய நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. குறிப்பாக, தற்காலிகச் சிவப்பு மண்டலம் என்று ஒன்று உண்டு. அவசரத் தேவை இருந்தால் மாநில அரசோ காவல் துறையோ ஒரு பகுதியை ஒரு முறைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம் தடைசெய்யலாம். அந்த உத்தரவைப் பிறப்பிப்பவர் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். தேர்த் திருவிழா, முக்கியப் பிரமுகர் வருகை, கலவரம், வெள்ளம் எனப் பல காரணங்களுக்காக இது வரலாம். நேற்று பச்சையாக இருந்த உங்கள் வயல் இன்று நான்கு நாளைக்குச் சிவப்பாக இருக்கலாம்.

டெல்டா விவசாயிகள் இந்த 96 மணி நேரத்தை இன்னொரு எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையிலோ புயல் மழையிலோ சேதமானால், அந்தப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டுள்ள இடங்களில், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். புயல் கடந்த மறுநாளே தலைவர்களின் வருகை தொடங்கிவிடும். ட்ரோனுக்குத் தடை வரும். 96 மணி நேரம் முடியும் வரை காத்திருந்தால் 72 மணி நேரம் போயிருக்கும். ஆகவே ட்ரோன் படம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வரப்பில் நின்று, இடக்குறிப்பு பதிவாகும்படி செல்போனிலேயே படமெடுத்து முதலில் தகவலைப் பதிவு செய்யுங்கள். ட்ரோன் படம் பின்னால் வந்து வலு சேர்க்கட்டும். காவல் துறைக்கும் ஒரு வார்த்தை: தற்காலிகத் தடைப் பகுதி தேவைக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. பிரமுகர் வரும் சாலைக்காக ஒரு தாலுகாவையே மூட வேண்டியதில்லை.

வரைபடத்தில் நிறம் பச்சையாக இருந்தாலும் கவனிக்க வேண்டிய வேறு சில எல்லைகள் இருக்கின்றன. காப்புக்காட்டை ஒட்டிய பட்டா நிலமா? உங்கள் நிலத்துக்குள் இருக்கும் வரை சரி. ட்ரோன் எல்லை தாண்டிச் சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ போனால் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் விவகாரம். யானை எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் விட்டேன் என்றால் வனத்துறை ஒப்புக்கொள்ளாது. அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். வேடந்தாங்கல் போன்ற பறவைகள் தங்கும் ஏரிகளின் பாசனப் பரப்பில் இருப்பவர்கள் கூடு கட்டும் காலத்தில் ஏரிப் பக்கம் திரும்பாமல் இருப்பது நல்லது. பறவைகளும் சும்மா இருப்பதில்லை. பருந்து ட்ரோனை எதிரியாக நினைத்துக் கால் நகத்தால் அடிக்கும். ஓர் அடி போதும், உங்கள் பணம் சேற்றில். தென்னையில் மலைத்தேனீ கூடு இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். கீழே வேலை செய்பவர்களை அது விரட்டும்.

மனிதர்கள் சம்பந்தப்பட்டதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கிராமத்தில் பம்புசெட் தொட்டிதான் பல பெண்களுக்குக் குளியலறை. மேலே கேமரா சுற்றினால் அவர்கள் எங்கே போவார்கள்? வான்வெளி பச்சையாக இருப்பது அடுத்தவர் அந்தரங்கத்தைப் படமெடுக்கக் கிடைத்த அனுமதி ஆகாது. பெண்கள் தனிமையில் இருக்கும்போது அவர்களுக்குத் தெரியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம். கருவி ட்ரோனா செல்போனா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பறக்கவிடும் நேரத்தை அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்கு முன் பம்புசெட் பக்கம் போகாதீர்கள். விதியில் இல்லாவிட்டாலும் காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு தகவல் சொல்லி வைப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. ஆனால் அது தகவல் மட்டுமே. பச்சை மண்டலத்தில் "அனுமதிக் கடிதம் கொடு" என்று யாரும் உங்களைக் கேட்க விதியில் இடமில்லை. கடிதத்துக்குப் பணம் கேட்டால் அதற்கு எந்த விதியும் துணை இல்லை.

வரப்புத் தகராறுக்கு ட்ரோன் படத்தைச் சாட்சியாகக் கொண்டுவரலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வீண் வேலை. எல்லையைச் சொல்ல வேண்டியது புலப்படமும் சர்வேயரின் அளவையும்தான். மேலிருந்து எடுத்த அழகான படத்தில் வரப்பு இருக்கும் இடம் தெரியும். இருக்க வேண்டிய இடம் தெரியாது.

இனி, பறப்பது என்ன, பறக்கவிடுபவர் யார் என்பதையும் பார்த்துவிடலாம். இடம் சரியாக இருந்தும் இந்த இரண்டில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எடையை வைத்துத்தான் வகை. சுமையும் பேட்டரியும் சேர்த்து 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. மருந்தடிக்கும் ட்ரோன்கள் இந்த மூன்றாவது வகையிலோ அதற்கு மேலோ வரும். அவற்றின் சட்டதிட்டம் வேறு, பூச்சிமருந்துக்கான தனி நடைமுறைகளும் உண்டு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கேமரா ட்ரோன்கள் பெரும்பாலும் நானோவும் மைக்ரோவும்தான். நானோவை இயக்க ரிமோட் பைலட் சான்று வேண்டாம். மைக்ரோவை வணிக நோக்கமில்லாமல் இயக்கவும் வேண்டாம். தன் வயலைத் தானே பார்க்கும் விவசாயி வணிகம் செய்யவில்லை என்பதே என் புரிதல். ஆனால் அதே ட்ரோனை ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டினால் அது வணிகம், சான்று கட்டாயம். 18 முதல் 65 வயதுக்குள், பத்தாம் வகுப்பு தேறியவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயின்று இதைப் பெறலாம்; 10 ஆண்டுகள் செல்லும். நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் பயிற்சி கிடைக்கிறது. முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்து இளைஞர்கள் பலர் அங்கேயே திரும்பிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவையே போதும்.

ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய்தான். நானோவுக்கு மேற்பட்டவற்றுக்கு வகைச் சான்றும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். உள்ளூர் போட்டோ ஸ்டுடியோக்காரரை அழைத்து "வயலை ஒரு ரவுண்டு எடுத்துக் கொடுப்பா" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் கையில் இருப்பது எங்கிருந்தோ வந்த வெளிநாட்டு ட்ரோனாக இருக்கலாம். ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவை தவிர, முழு ட்ரோனை இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரி 9 முதல் மத்திய அரசு தடைசெய்திருக்கிறது. எண் என்ன, வகைச் சான்று உண்டா, பைலட் சான்று யார் பெயரில், காப்பீடு எங்கே என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்து பறக்கவிட்டால் என்ன தெரியும்? விற்பவர்கள் சொல்வது போல் எல்லாம் தெரியாது. நெல்லில் புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது கண்ணில் படாது. வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்தது போல் படத்தில் தெரியும்போது அந்த இடத்தில் சேதம் முடிந்துவிட்டது. எனவே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டு, அந்தப் பட்டத்தில் இறங்கி, தூரைத் தட்டிப் பார்க்கும் வேலை போகவில்லை. தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால், சிலந்திகள் இருக்கும் வயலில் இரண்டுக்கு மேல் இருந்தால், நடவடிக்கை எடுக்க வேண்டிய கட்டம். கேமரா செய்வது, பரந்த வயலில் எந்த மூலைக்கு முதலில் நடக்க வேண்டும் என்று காட்டுவது. கடைமடையில் தண்ணீர் ஏறாத பங்கு எது, நாற்று செத்துப்போன திட்டு எது, களை எங்கிருந்து பரவுகிறது என்பவை மேலிருந்து பளிச்சென்று தெரியும். ஆறு மாதக் கரும்புக்குள் மனிதன் நுழைய முடியாது. எங்கே சாய்ந்திருக்கிறது, எங்கே காய்கிறது என்பதை ட்ரோன் இரண்டு நிமிடத்தில் சொல்லும். தென்னையில் சுருள் வெள்ளை ஈ ஓலையின் அடிப்பக்கம் இருப்பதால் படத்தில் விழாது. ஆனால் அதன் தேன் கழிவில் வளரும் கரும்பூசணம் கீழ் ஓலைகளின் மேற்பரப்பில் கருத்துப் படியும். தோப்பில் எந்த வரிசை என்று எண்ணிச் சொல்லலாம். இந்த வேலைக்கு நானோ ட்ரோனே போதும். பெரியது வாங்கச் சொல்லி வற்புறுத்துபவர் தன் விற்பனையை நினைக்கிறார்.

புகையான் பரவும் வேகத்துக்கு ஒரு வாரம் என்பது நீண்ட காலம். 5–8 கி.மீ. மஞ்சள் வளையத்தில் இருக்கும் விவசாயியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அவர் 30 மீட்டர் உயரத்தில் பத்து நிமிடம் பறக்கவிட வேண்டும். அதற்கு இணையதளத்தில் விண்ணப்பித்து, விமான நிலையக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர் ஆங்கிலப் படிவத்தோடு மல்லுக்கட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவர் செய்யக்கூடியது இரண்டுதான்: பேசாமல் இருப்பது, அல்லது திருட்டுத்தனமாக ஏற்றுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது விரிவாக்கப் பணியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பாதுகாப்பு நோக்கில் பார்த்தாலும், எங்கே எப்போது பறக்கிறது என்று தெரியாத ட்ரோனைவிட, முன்கூட்டியே தெரிந்த ட்ரோன் மேல் அல்லவா?

நான் கேட்பது விதியைத் தளர்த்தச் சொல்லி அல்ல. சிவப்பு சிவப்பாகவே இருக்கட்டும். மஞ்சள் வளையக் கிராமங்களுக்கு மட்டும், ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாக விண்ணப்பிப்பதற்குப் பதில், வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் பருவத்துக்கு ஒரு முறை மொத்தமாக அனுமதி வாங்கித் தரலாம். உயர வரம்பு 30 மீட்டர்; வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள்; விமானங்கள் குறைவாக உள்ள நேரம்; இயக்குபவர் மையத்தில் பதிவான, சான்று பெற்ற ஒருவர். விண்ணப்பிக்கும் வழி விதியிலேயே இருக்கிறது. விண்ணப்பதாரர் யாராக இருக்க வேண்டும் என்பதில்தான் மாற்றம். வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் ட்ரோன் வாங்க அரசு மானியம் கொடுக்கிறது. மகளிர் குழுக்களுக்கென்று தனித் திட்டமும் இருக்கிறது. அந்த ட்ரோன்கள் பறப்பதற்கான அனுமதியை வாங்கித் தருவதும் அதே துறையின் வேலையாக ஏன் இருக்கக் கூடாது?

இன்னொன்று, செலவே இல்லாதது. ஒவ்வொரு விரிவாக்க மையத்தின் பலகையிலும் தன் எல்லைக்குட்பட்ட வருவாய்க் கிராமங்களின் பட்டியலைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தமிழில் எழுதி ஒட்டலாம். வளையம் ஒரு கிராமத்தை இரண்டாக வெட்டினால் சர்வே எண் வாரியாக எழுத வேண்டியிருக்கும். உதவி வேளாண்மை அலுவலர்களே, உங்களுக்கு ஏற்கெனவே உள்ள பணிச்சுமை எனக்குத் தெரியும். ஆனாலும் இது ஒரு நாள் வேலை. வரைபடம் மாறும்போது மட்டும் திருத்தினால் போதும்.

மஞ்சள் வளையத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம். நவம்பர் 1 கிராம சபை நாள். சம்பா தூர் கட்டும் பருவம். தீர்மானத்தில் கிராமத்தின் பெயர், சர்வே எண்கள், பயிர், தேவைப்படும் உயரம், மாதங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒரு நகலை வேளாண்மை உதவி இயக்குநருக்கும் ஒரு நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். விமான நிலைய இயக்குநருக்கும் ஒன்று போகட்டும். "30 மீட்டர்" என்பதை எண்ணில் எழுத மறக்காதீர்கள். கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருப்பவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.